என் வீட்டுக்காரரைப் பேட்டி எடுக்க வந்த பெண்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஈஸ்டர் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை. எங்கள் ஊர் கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீப்ஸ். ஆராதனை முடிந்து, பெண்கள் ஐக்கியக் கூட்டத்துக்காக நாங்கள் சில பேர் சர்ச் ஹாலில் உட்கார்ந்திருந்தோம். அப்போது போதகரின் மனைவி ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண்ணாம். பெங்களூரில் சமூகவியலில் ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிறாளாம். மைன்ஸ் மூடிய பிறகு இங்கே இருக்கிற ஜனங்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று எழுதப் போகிறாளாம். அதற்காகப் பழைய தொழிலாளிகளிடம் பேச வேண்டுமாம்.

எழுதிக்கொண்டு போக வருகிறவர்கள் என்றாலே எங்கள் ஆட்களுக்குச் சந்தேகம்தான். "லைன் வீட்டக் காலி பண்ணச் சொல்றதுக்கு கணக்கெடுக்க வந்துகீறா போல" என்று பக்கத்தில் இருந்தவள் என் காதைக் கடித்தாள். மைன்ஸ் கம்பெனி தொழிலாளிகளுக்குக் கட்டிக் கொடுத்த வரிசை வீடுகளில்தான் நாங்கள் எல்லாரும் இன்னும் இருக்கிறோம். எனக்கோ அந்தப் பெண்ணைப் பார்க்கப் பாவமாக இருந்தது. என் மகனைவிட ஒன்றிரண்டு வயதுதான் கூட இருக்கும். வெயிலில் அலைந்து முகமெல்லாம் கருத்துப்போயிருந்தது. கூட்டம் முடிந்ததும் நானே போய், "எங்க வீட்டுக்கு வா பாப்பா. எங்க வீட்டுக்காரர் வைண்டிங் டிரைவரா இருந்தவரு" என்று சொல்லிவிட்டேன்.

வைண்டிங் டிரைவர் என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. சுரங்கத்துக்குள் ஆட்கள் இறங்குவதும் ஏறுவதும் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில். அதைக் கயிறு கட்டி இறக்கி ஏற்றுகிற பெரிய எஞ்சினை ஓட்டுகிறவர்தான் வைண்டிங் டிரைவர். அவர் உட்கார்ந்திருப்பது மேலே, எஞ்சின் ரூமில். கூண்டு அவர் கண்ணுக்குத் தெரியாது. கீழே இருந்து வருகிற மணிச் சத்தத்தையும், எதிரே இருக்கிற பெரிய டயல் முள்ளையும் வைத்துத்தான் ஓட்ட வேண்டும். சின்ன வயதிலேயே அந்த வேலைக்கு வந்தவர் என்று என் வீட்டுக்காரருக்கு மைன்ஸில் நல்ல பெயர். எனக்கு வரன் பார்த்தபோது, மாப்பிள்ளை வைண்டிங் டிரைவர் என்ற ஒரு வார்த்தைக்காகவே எங்கள் அப்பா சரி என்றார்.

மைன்ஸ் மூடியபோது எங்கள் பையன் ஒன்றாம் வகுப்பு. அதற்குப் பிறகு இந்த ஊரில் பாதிப் பேர் என்ன செய்தார்களோ அதையேதான் அவரும் செய்தார். பெங்களூரில் ஓர் அபார்ட்மென்ட்டில் செக்யூரிட்டி வேலை. இருட்டோடு எழுந்து முதல் ரயில், இரவு கடைசியாக வருகிற ரயிலில் திரும்புவார். ஞாயிற்றுக்கிழமைதான் மனிதர் முகத்தையே வெளிச்சத்தில் பார்க்க முடியும். அன்றைக்கும் பாதி நேரம் தூங்குவார். சண்டை கிடையாது, குடி கிடையாது. அக்கம்பக்கத்தில் என்னைப் பார்த்து, உனக்கென்ன குறை என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிறு அந்தப் பெண் வீட்டுக்கு வந்தாள். இவர் முதலில் அவளைத்தான் பேட்டி எடுத்தார்!

"எம்பேரு அதுல வருமாம்மா?"

"வராது அங்கிள். வேற பேருதான் போடுவேன். எது வேண்டாம்னு சொல்லுதீங்களோ அதை எடுத்துருவேன். உங்களுக்குப் பிடிக்கலேன்னா பாதியிலேயே நிறுத்திக்கிடலாம்."

"இந்த டேப்பு? கூட வேலை செஞ்சவங்களப் பத்தியெல்லாம் பேசவேண்டி வரும். நாளைக்கு யார் கைக்காவது போச்சின்னா?"

"எழுதி முடிச்சதும் அழிச்சிருதேன் அங்கிள்."

"சத்தியமா?"

"சத்தியமா."

நான் காபி டம்ளரோடு பக்கத்திலேயேதான் நின்றேன். இந்தப் பேச்சு முழுவதும் என் காதில் விழுந்தது. அப்போது அது எனக்குப் பெரிதாகவே படவில்லை.

காபியைக் கொடுத்துவிட்டு நானும் கட்டிலில் உட்காரப் போனேன். அந்தப் பெண் தயங்கித் தயங்கி, "ஆன்ட்டி, தப்பா எடுத்துக்கிடாதீங்க. நான் அங்கிள்கிட்ட தனியா பேசலாமா?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. "எங்கிட்ட ஒளிக்கிறதுக்கு அவருகிட்ட இன்னா கீது?" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். "ஒண்ணும் இருக்காது ஆன்ட்டி. ஆனா, கூட ஒருத்தங்க இருந்தா பதில் அவங்களுக்கும் சேத்து வரும். எங்களுக்கு முதல்ல சொல்லிக்குடுக்கதே இதுதான்" என்றாள். நான் இவரைப் பார்த்தேன். 'நீ இரு' என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் தலையைக் குனிந்து காபியை ஆற்றிக்கொண்டிருந்தார்.

பக்கத்து வீட்டுக்குப் போய், அந்த அம்மாவோடு உட்கார்ந்து புளி உரித்துக்கொண்டிருந்தேன். எங்கள் லைன் வீடுகளில் நடுவில் ஒரு சுவர்தான். பேச்சு புரியாது, ஆனால் குரல் கேட்கும். இவர் பேசிக்கொண்டே இருந்தார். நடுவில் ஒரு தடவை சத்தமாகச் சிரித்தார். பக்கத்து வீட்டு அம்மா தெலுங்குக்காரர், புளியைக் கீழே வைத்துவிட்டு, "இது உங்க வீட்டுக்காரரா?" என்று கேட்டார். எனக்கே அந்தச் சந்தேகம் வந்திருந்தது. அவர் அப்படிச் சிரித்துக் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று என்று யோசித்துப் பார்த்தேன், நினைவுக்கு வரவில்லை.

அப்புறம் ஞாயிறு தவறாமல் வந்தாள். நானும் தவறாமல் பக்கத்து வீட்டுக்குப் போனேன். முடிந்ததும் அவள் என்னோடு அடுப்படியில் வந்து உட்காருவாள். நான் பி.யு.சி. வரை படித்தவள், வீட்டில் சின்னப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். அதனால் அவள் படிப்பைப் பற்றிக் கேட்பதில் எனக்கு ஓர் ஆசை. அவளும் சலிக்காமல் சொல்வாள். சமுதாயத்தைப் பார்க்க மூன்று விதமான கண்ணாடி இருக்கிறதாம். ஒன்றில் பார்த்தால் சமுதாயம் நம் உடம்பு மாதிரி, ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு வேலை. இன்னொன்றில் பார்த்தால் எல்லாம் போராட்டம், வைத்திருப்பவனுக்கும் உழைப்பவனுக்கும் நடுவில் ஓயாத இழுபறி. மூன்றாவது ரொம்பப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. இரண்டு பேர் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கும்போது, பேசும்போது, சும்மா இருக்கும்போதுகூட, இவர் என்ன நினைக்கிறார் என்று அவர் எப்படி எடுத்துக்கொள்கிறார் என்பது. "இதுல எது சரி?" என்று கேட்டேன். "மூணும் வேணும் ஆன்ட்டி" என்றாள்.

இன்னொரு நாள், "நீங்க ஒரு மனைவி, ஓர் அம்மா, டீச்சர், சர்ச்சுல பொருளாளர். ஒவ்வொரு இடத்துலயும் உங்களுக்கு ஒரு பாத்திரம்" என்றாள். "அத்தனை பாத்திரத்தையும் தேய்க்கிறதும் நான்தான் பாப்பா" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் சிரிப்பு அடங்கி, "ஒரு மனுசனுக்கு வேலை போச்சுன்னா சம்பளம் மட்டும் போகல ஆன்ட்டி. ஊரு அவரை எந்த இடத்துல வச்சிருந்துச்சோ அந்த இடமும் போயிருது" என்றாள். நான் குழம்பைக் கிண்டிக்கொண்டே, "ஆமா, பாவம்" என்றேன். யாரோ ஊர் பேர் தெரியாத ஆளுக்குப் பாவப்படுகிற மாதிரிதான் சொன்னேன். என் வீட்டு நடுவில் உட்கார்ந்திருக்கிற மனிதரைப் பற்றித்தான் அவள் சொல்கிறாள் என்று எனக்கு அன்றைக்கு உறைக்கவே இல்லை.

ஒரு வாரம் முழுக்க அவரோடு ரயிலிலும் போய் வந்தாள். அந்தக் கூட்டத்தில் நின்றுகொண்டே. அவர் வேலை பார்க்கிற அபார்ட்மென்ட்டுக்கும் போயிருந்து பார்த்தாள். நான் அதுவரை அங்கே போனதே இல்லை. ஆரம்பத்தில் ஒருமுறை கேட்டபோது, "அங்க இன்னா கீது நீ வந்து பாக்கிறதுக்கு?" என்றார். அதோடு விட்டுவிட்டேன். யூனிஃபார்மைக்கூட இங்கிருந்து போட்டுக்கொண்டு போக மாட்டார். நான் தேய்த்துக் கொடுப்பதைப் பையில் மடித்து எடுத்துப் போய் அங்கேதான் மாற்றிக்கொள்வார். ரயில் கூட்டத்தில் கசங்கிவிடும் என்பதற்காக என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மழைக்காலம் முடிவதற்குள் அவளுடைய வேலை முடிந்தது. போகிற அன்று என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு ஒரு ஞாயிறு ராத்திரி சாப்பிடும்போது, "அந்தப் பொண்ணுகிட்ட இன்னாதான் பேசுனீங்க அவ்ளோ நேரம்?" என்று கேட்டேன். "எல்லாம் பழைய கதைதாம்மே" என்றார். நான் ரசம் ஊற்றினேன். பேச்சு அதோடு முடிந்தது.

அடுத்த ஜனவரி, ஒரு திங்கட்கிழமை. வேலைக்குக் கிளம்பிச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே கட்டிலில் உட்கார்ந்தார். மாரைப் பிடித்துக்கொண்டார். லைனில் இருந்த பையன்கள் ஓடிவந்து வண்டி பிடித்துக் கோலாருக்குக் கொண்டுபோனார்கள். வழியெல்லாம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னா பண்ணுது? இன்னா பண்ணுது?" என்றே கேட்டுக்கொண்டிருந்தேன். தலையை மட்டும் ஆட்டினார். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அடக்கத்துக்கு அந்தப் பெண் வந்திருந்தாள். பெண்களோடு தரையில் உட்கார்ந்து, சாயங்காலம் வரை என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

வருடம் திரும்பும் சமயத்தில் என் மகனுக்குக் குழந்தை பிறந்தது. ஞானஸ்நானத்துக்கு எல்லாரும் கூடியிருந்தபோது மகன் திடீரென்று, "அம்மா, அப்பா பேசினது எதுலயாவது இருக்கா? இவனுக்குப் போட்டுக் காட்டணும்" என்றான். தேடினோம். இவர் போனில் ஹலோவுக்கு மேல் பேசாதவர். வாய்ஸ் மெசேஜ் ஒன்றுகூட இல்லை. மகன் கல்யாண வீடியோவில் வாயசைக்கிறார், யாரையோ சாப்பிடக் கூப்பிடுகிறார், ஆனால் மேலே சினிமாப் பாட்டுப் போட்டு வைத்திருக்கிறார்கள். நாலைந்து தடவை ஓட்டிப் பார்த்தோம். ஒரு வார்த்தை தேறவில்லை.

அப்போதுதான் எனக்கு மின்னல் அடித்த மாதிரி அந்த டேப் ஞாபகம் வந்தது. உடனே அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன்.

"ஆன்ட்டி... அழிச்சிட்டேன் ஆன்ட்டி. போன மாசந்தான். எழுதி முடிச்சதும் அழிக்கேன்னு அங்கிளுக்கு வாக்குக் குடுத்திருந்தேன்லா."

எனக்கு வந்த ஆத்திரத்தில் என்ன பேசுகிறோம் என்று தெரியவில்லை. "செத்துப்போன மனுசனோட குரல அழிக்கிறதுக்கு உனக்கு யாரு அதிகாரம் குடுத்தது? ஒரு போன் பண்ணி ஒரு வார்த்தை கேக்கத் தோணல இல்ல?" என்று கத்திவிட்டு வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான், அந்த அதிகாரத்தைக் கொடுத்தது யார் என்பது நினைவுக்கு வந்தது. அவர்தான் கொடுத்தார். என் எதிரிலேயே கொடுத்தார்.

அந்தச் சனிக்கிழமையே அவள் நேரில் வந்துவிட்டாள். வாசலிலேயே நின்றாள். உள்ளே வா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஆனால் நகர்ந்து வழிவிட்டேன். அவர் உட்காருகிற கட்டிலில் உட்காராமல் தரையில் உட்கார்ந்தாள்.

"டேப்பு போனாப் போவுது பாப்பா. அவரு இன்னா சொன்னாரு, அத்த சொல்லு. உனக்கு ஞாபகம் இருக்கும் இல்ல?"

"எல்லாம் ஞாபகம் இருக்கு."

"அப்ப சொல்லு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எல்லாத்தையும் சொல்ல முடியாது ஆன்ட்டி. எங்கிட்ட மட்டுந்தான்னு நெனச்சு அவர் பேசினது. இப்ப அவர் இல்லேன்னாலும் அது அவரோடதுதான். எங்க பேராசிரியர்கிட்டயும் கேட்டுப் பாத்துட்டேன்."

முப்பது வருடத்துக்குக் கிட்டத்தட்ட அவரோடு குடும்பம் நடத்தியவள் நான். யாரோ ஒரு பெண் என் வீட்டிலேயே உட்கார்ந்து, உங்கள் வீட்டுக்காரர் பேசியதை உங்களிடம் சொல்ல மாட்டேன் என்கிறாள். அடித்துவிடலாமா என்றுகூட ஒரு நொடி தோன்றியது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தேன். சொல்லிவிட்டால் அவளுக்கு எவ்வளவு லேசாக இருக்கும், சொல்லாமல் இருக்க எவ்வளவு கஷ்டப்படுகிறாள் என்று தெரிந்தது.

"ஒண்ணு மட்டும் சொல்லுதேன்" என்றாள். "அதை மட்டும், 'அவ படிச்சாலும் பரவால்ல, எழுதிக்கோ'ன்னு அங்கிளே சொன்னாங்க."

மைன்ஸ் மூடிய அன்றைக்கு நடந்தது அது. அன்று அவர் இருட்டுகிற நேரத்துக்கு வீட்டுக்கு வந்தார். நான் சோறு போட்டேன். சாப்பிட்டுப் படுத்தார். எனக்கு அன்றைய தினத்தைப் பற்றி ஞாபகம் இருப்பது இவ்வளவுதான். அவளிடம் அவர் சொன்னது வேறு. அன்று வாய் திறந்தால் அழுதுவிடுவோம், சின்னப் பிள்ளையை வைத்துக்கொண்டு நான் பயந்துபோவேன் என்று பேசாமல் இருந்தாராம். நான் எதையாவது கேட்டால் அவர் உடைந்துவிடுவார் என்று பயந்துதான் நான் கேட்கவில்லை என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. அவர் சொன்னதை அந்தப் பெண் அவர் குரலில் சொல்லிப் பார்த்தாள். "'அவ என்னக் காப்பாத்துறா, நான் அவளக் காப்பாத்துறேன்னு ரெண்டு பேரும் கம்முனு இருந்துக்கிட்டோம் பாப்பா. அப்புறம்...'"

"'இருந்துகினோம்'. அவரு 'இருந்துகினோம்'னுதான் சொல்வாரு" என்றேன். என்னையும் மீறி வந்துவிட்டது.

"ஆமா ஆன்ட்டி. 'கம்முனு இருந்துகினோம். அப்புறம் அதுவே பழகிப்போச்சி. இன்னைக்கி வரைக்கும் அந்த நாளப் பத்தி நாங்க பேசல. இந்த வேலைய விட்டுட்டு வீட்ல உக்காரும்போது நானே அவகிட்ட சொல்லிக்கிறேன்.'"

அடுத்த வருடம் வேலையை விட்டுவிடுவதாகத்தான் இருந்தார். அதற்குள் போய்விட்டார்.

இரண்டு பேரும் அழுது முடித்தோம். காபி போட எழுந்தேன். அவள் பின்னாலேயே வந்து, "இன்னொண்ணு இருக்கு ஆன்ட்டி" என்றாள். "இது அவங்க சொன்னதில்ல, நான் பாத்தது. அங்க நின்ன யாரு வேணும்னாலும் பாத்திருக்கலாம், அதனால சொல்லுதேன். அந்த அபார்ட்மென்ட்டுல அங்கிள் நாற்காலி லிஃப்டுக்கு எதுத்தாப்புல இருக்கும். யாராவது லிஃப்ட்ல ஏறினா, மேல ஓடுற நம்பரையே பாத்துக்கிட்டு இருப்பாங்க. அது போய் நின்ன பெறகுதான் வேற பக்கம் திரும்புவாங்க. வயசானவங்க, குழந்தைங்க ஏறினா எந்திரிச்சே நின்னுருவாங்க. ஏன்னு நான் கேக்கல."

நானும் ஏன் என்று கேட்கவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. ஸ்டவ்வைப் பிடித்துக்கொண்டு நின்றேன், பால் பொங்கி வழிந்தது.

அவளை ரயில் ஏற்றிவிட ஸ்டேஷன் வரைக்கும் போனேன். போனில் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் ஒரு போன் பண்ணியிருக்கணும் ஆன்ட்டி. வாக்கைக் காப்பாத்தணும்னு மட்டுந்தான் நெனச்சேன். அவர் போனதுக்கப்புறம் அது வேற மாதிரி ஆயிருச்சுன்னு எனக்குத் தோணல" என்றாள். அவளுக்கும் அந்த வருத்தம் இருக்கிறது, போகாது. இப்போது அவள் வேறு ஊரில் ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறாள். பண்டிகைக்கு மறக்காமல் கூப்பிடுவாள். அவர் சொன்ன மற்ற விஷயங்களை நான் திரும்பக் கேட்டதில்லை. சில நாள் நாக்கு நுனி வரைக்கும் வரும், விழுங்கிவிடுவேன்.

போன மாதம் மகனைக் கூட்டிக்கொண்டு அந்த அபார்ட்மென்ட்டுக்குப் போனேன். கேட்டில் வேறு ஆள் இருந்தார். இன்னார் வீட்டு அம்மா என்று மகன் சொன்னதும் எழுந்து கும்பிட்டு உள்ளே விட்டார். அந்த நாற்காலி அங்கேதான் இருந்தது. நான் உட்காரவில்லை, பக்கத்தில் நின்றேன். காய்கறிப் பையோடு ஒரு அம்மாவும், பள்ளிக்கூட யூனிஃபார்மில் ஒரு பெண் குழந்தையும் லிஃப்டில் ஏறினார்கள். கதவு மூடியது. எண்கள் ஒவ்வொன்றாக மேலே போயின. அது போய் நிற்கிற வரைக்கும் என்னாலும் கண்ணை எடுக்க முடியவில்லை. "இன்னாம்மா பாக்கிற?" என்று மகன் கேட்டான். ரயிலில் வரும்போது அவனுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவன் அப்பாவைப் பற்றி நானும் அவனும் அவ்வளவு நேரம் பேசியது அதுதான் முதல் தடவை.

இத்தனை வருடம் ஒரே கூரைக்குள் இருந்தும் என் வீட்டுக்காரர் மனசில் இருந்ததைக் கேட்க திருநெல்வேலியிலிருந்து ஒரு பெண் வரவேண்டியிருந்ததே என்ற வருத்தமும், அவளாவது வந்து கேட்டாளே என்ற ஆறுதலும் ஒன்றாகத்தான் எனக்குள் இருக்கின்றன. ஆனால் படுத்தால் தூக்கத்தைக் கெடுப்பது எப்போதும் அந்த வருத்தம்தான்.